யூரி அவெர்பாக் மறைவு: டெல்லியில் அவரைப் படித்தவர்கள் எழுதுங்கள்

கரோல்பாக் குதிரை
8 மே 2022, இரவு 9:40

நேற்று மாஸ்கோவில் ரஷ்யச் செஸ் ஆட்டக்காரர் யூரி அவெர்பாக் காலமானார். பிப்ரவரி 8 அன்றுதான் நூறு வயது நிறைந்தது. அதிலிருந்து மூன்று மாதம் முடிய ஒரு நாள் பாக்கி. நூறைத் தொட்ட முதல் கிராண்ட்மாஸ்டர் அவர். செய்தியைப் படித்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். "உங்களுக்குத் தெரிந்தவரா?" என்று மனைவி கேட்டாள். தெரிந்தவர் என்றுதான் சொன்னேன்.

1987-இல் நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. மதிய இடைவேளையில் புல்வெளியில் ஒரு பக்கம் சீட்டு ஓடும், ஒரு பக்கம் செஸ் ஓடும். அந்த வருடம் அலுவலகங்களுக்கு இடையே நடந்த போட்டியில் கடைசி ஆட்டத்தில் என்னிடம் ராஜாவும் ஒரு யானையும் மிச்சம். எதிராளியிடம் ராஜா, யானை, ஒரே ஒரு சிப்பாய். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் டிரா என்றார்கள். எனக்கும் டிரா என்று தெரியும். எப்படி டிரா என்றுதான் தெரியவில்லை. பதினைந்து நகர்த்தலில் தோற்றேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தரியாகஞ்ச் நடைபாதையில், கிலோ கணக்கில் விற்ற இன்ஜினியரிங் புத்தகங்களுக்கு நடுவே, மெலிதாக ஒன்று கிடந்தது. அவெர்பாக் எழுதிய 'செஸ் எண்டிங்ஸ்: எசென்ஷியல் நாலெட்ஜ்'. ஆறு ரூபாய். முதுகு கிழிந்திருந்தது. வீட்டுக்கு வரும் பஸ்ஸிலேயே யானைப் பகுதியைப் புரட்டினேன். நான் தோற்ற அதே நிலை அங்கே இருந்தது. யானையை ஆறாவது வரிசையில் நிறுத்தி, எதிரி ராஜாவை முன்னே வர விடாமல் வெறுமனே காத்திரு. சிப்பாய் ஆறாவது வரிசைக்கு வந்துவிட்டதா, உடனே யானையைக் கீழே கடைசி வரிசைக்கு இறக்கிப் பின்னாலிருந்து செக் கொடு. ஒளிய இடமில்லை, ஏனென்றால் ராஜாவுக்குக் குடையாக இருந்த சிப்பாய் முன்னே போய்விட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஃபிலிடோர் கண்டுபிடித்த முறை இது. ஆனால் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவெர்பாக். அந்தக் 'குடை' விஷயம் புரிந்த பிறகு இன்றுவரை அந்த நிலையில் நான் தோற்றதில்லை.

புத்தகத்தின் முந்தைய சொந்தக்காரர் வங்காளி. ஓரங்களில் பென்சிலில் வங்க எழுத்து. யானைப் பகுதி தொடங்கும் இடத்தில் ஒரு சொல்லைப் பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். பக்கத்து மேஜை வங்காள நண்பரிடம் காட்டினேன், 'நௌகா' என்று படித்தார். படகு. யானைக்கு ஏன் படகு என்று எழுதினார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

அவரைப் படித்த டெல்லிக்காரர்கள் இருந்தால் எழுதுங்கள்.

எழுபத்தைந்தாவது நகர்த்தல்
8 மே 2022, இரவு 10:25

ஆழ்ந்த அஞ்சலி. நான் நடுவராகப் போட்டிகளுக்குப் போகிறவன். அவரைத் தெரியாத இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

படிப்பால் பொறியாளர். 1952-இல் கிராண்ட்மாஸ்டர். 1953-இல் சூரிச் கேண்டிடேட்ஸ் (உலகச் சாம்பியனை எதிர்த்து ஆடுபவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி) ஆடினார். 1954-இல் சோவியத் சாம்பியன். அந்தப் பட்டம் அன்றைக்கு என்ன மதிப்பு என்பதற்கு, அவருக்குப் பின்னால் வந்த பெயர்களைப் பார்த்தாலே போதும்: கோர்ச்னாய், தைமானோவ், பெட்ரோசியன், கெல்லர். 1958 போர்டோரோஸ் போட்டியில் பதினைந்து வயது ஃபிஷருடன் டிரா. பிறகு சோவியத் செஸ் கூட்டமைப்பின் தலைவர், பத்திரிகை ஆசிரியர், சர்வதேச நடுவர். கிங்ஸ் இந்தியன் என்ற ஓப்பனிங்கில் அவர் பெயரில் ஒரு வழியே இருக்கிறது: வெள்ளை மந்திரி (பிஷப்) ஆறாவது நகர்த்தலில் ஜி5-க்கு வரும். கறுப்பு அவசரப்பட்டு உடனே இ5 தள்ளினால் சிப்பாய்கள் மாறி, ராணிகள் மாறி, வெள்ளைக் குதிரை டி5-இல் வந்து குதிக்கும். கறுப்புக்கு நஷ்டம்தான்.

ஆனாலும் ஊர் உலகம் அவரை நினைப்பது இறுதியாட்டத்துக்காக, அதாவது காய்கள் குறைந்த கடைசிக் கட்டத்துக்காக. ஐந்து பாகங்களாக ஆங்கிலத்தில் வந்த பெரிய தொகுப்பு அவர் தலைமையில் உருவானது. செக்கோவர், மைசெலிஸ், கொபாயெவ், ஹென்கின் என்று கூட உழைத்தவர்களின் பெயரையும் போட்டே அது வெளியானது.

ரேபிட் ரோகிணி
8 மே 2022, இரவு 11:50

அஞ்சலி. பெரிய மனிதர், மாஸ்கோவில் பிறந்து நூறு வருடம் வாழ்ந்திருக்கிறார், சந்தோஷம். ஆனால் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் அவருடைய ஆட்டங்களைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். டிரா, டிரா, டிரா. அவருடைய மிகப் பிரபலமான ஆட்டமே அவர் தோற்றதுதான்: சூரிச் 1953, கோட்டோவ் 30-வது நகர்த்தலில் ராணியை எச்3-இல் பலி கொடுத்து, அவெர்பாக்கின் ராஜாவைப் பலகையின் நடுவுக்கு இழுத்து வந்து வேட்டையாடிய ஆட்டம். அடுத்தது, இறுதியாட்டப் புத்தகங்கள். 2012-இலேயே ஏழு காய் வரை லொமோனோசோவ் டேபிள்பேஸ், அதாவது எல்லா நிலைக்கும் விடை கணக்கிட்டு வைத்த கம்ப்யூட்டர் தொகுப்பு, வந்துவிட்டது. 2018 முதல் சிஸிஜி என்ற இன்னொரு தொகுப்பும் ஏழு காய்க்கு இருக்கிறது. ஃபோனில் நிலையை வைத்தால் வெற்றியா டிராவா, எத்தனை நகர்த்தல், எல்லாம் தெரியும், பிழையே இல்லாமல். ஐந்து பாகம் எதற்கு? வரலாறாக மதிக்கிறேன், பாடமாக எனக்கு அவை தேவைப்படவில்லை.

எழுபத்தைந்தாவது நகர்த்தல்
9 மே 2022, காலை 7:10

சின்னத் திருத்தம் ரேபிட் தம்பி, அவர் பிறந்தது மாஸ்கோ இல்லை, கலூகா.

டேபிள்பேஸ் பற்றி நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இரண்டு மந்திரிகளுக்கு எதிராக ஒற்றைக் குதிரை என்று ஒரு நிலை. 1851-இல் க்ளிங்கும் ஹார்விட்ஸும் காட்டிய தற்காப்புக் கோட்டை உடையாது என்றுதான் நூறு வருடத்துக்கும் மேலாக எல்லாரும் நம்பினார்கள். 1983-இல் கென் தாம்சனின் கம்ப்யூட்டர் அது உடையும் என்று காட்டியது. ஆனால் அதற்கு ஐம்பதுக்கும் மேல் நகர்த்தல் ஆகும், அதனால் சிப்பாய் நகராமல், காய் வெட்டாமல் ஐம்பது நகர்த்தல் போனால் டிரா என்ற விதியிலேயே சில காலம் விலக்கு கொண்டுவந்து, பிறகு எடுத்தார்கள். மனிதர்கள் எழுதிய எந்த இறுதியாட்டப் புத்தகத்துக்கும் இந்த ஆபத்து உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை.

கரோல்பாக் குதிரை
9 மே 2022, மதியம் 1:30

ரேபிட் தம்பி, கோபம் எல்லாம் இல்லை. ஆனால் ஒன்று செய்து பாருங்கள்.

ராணிக்கு எதிராக ஒரு சிப்பாய். அது கடைசிக்கு முந்தைய கட்டத்தில் நிற்கிறது, தன் ராஜா பக்கத்தில். ராணியின் ராஜா வெகு தூரத்தில். உங்கள் ஃபோனில் எட்டுச் சிப்பாய்களையும் தனித்தனியாக வைத்துப் பாருங்கள். பி, டி, இ, ஜி வெற்றி. ஏ, சி, எஃப், எச் டிரா. ஃபோன் இதைப் பிழையில்லாமல் சொல்லும். ஆனால் ஏன் இப்படி மாறுகிறது? இது தெரியாமல் எட்டையும் மனப்பாடம் செய்தால் நாலு மாதத்தில் மறந்துபோகும்.

அவெர்பாக் புத்தகத்தில் எனக்குப் புரிந்தது இப்படி. நடுச் சிப்பாயாக இருந்தால், ராணி செக் கொடுத்துக் கொடுத்து ராஜாவைச் சிப்பாய்க்கு முன்னால் வந்து நிற்க வைக்கும். சிப்பாய் நகர முடியாத அந்த ஒரு முறையில் தூரத்து ராஜா ஒரு அடி எடுத்து வைக்கலாம். இதையே திரும்பத் திரும்பச் செய்தால் ராஜா வந்து சேர்ந்துவிடும். ஓரச் சிப்பாய் என்றால் முன்னால் வந்த ராஜா மூலையில் மாட்டிக்கொண்டு ஸ்டேல்மேட் (செக் இல்லாமலே நகர வழியில்லாத நிலை, டிரா) ஆகிவிடும், அதனால் ராணிக்கு அந்த ஒரு முறை கிடைக்காது. சி, எஃப் சிப்பாய் என்றால் ராஜா முன்னால் வருவதே இல்லை, மூலைக்கு ஓடிவிடும். சிப்பாயை ராணி வெட்டினால் ஸ்டேல்மேட். அவ்வளவுதான். எட்டு நிலைகளுக்கு மூன்று காரணம்.

எனக்கு அன்று முப்பது வயது. காலை ஏழரைக்கு பஸ், மாலை ஏழுக்கு வீடு, இரண்டு சின்னக் குழந்தைகள். எனக்கு எல்லாவற்றையும் படிக்க நேரம் இல்லை என்று தெரிந்துகொண்டு எழுதியதுபோல் இருந்தது அந்தப் புத்தகம். ஐந்து பாகம் எழுதும் அளவுக்குத் தெரிந்த ஒருவர், அதில் எனக்கு எது போதும் என்று பொறுக்கி எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறார். இந்தக் கருணையை வேறு எந்தச் செஸ் புத்தகத்திலும் நான் இந்த அளவு உணர்ந்ததில்லை.

மயூர் விஹார் அம்மா
9 மே 2022, இரவு 8:15

வணக்கம். எனக்கு செஸ் அதிகம் தெரியாது, மகள் ஆடுகிறாள். பத்து வயது. கரோல்பாக் சார் எழுதியதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

இரண்டு வருடம் ஒரு பயிற்சி மையத்தில் சேர்த்திருந்தோம். ஓப்பனிங், ஓப்பனிங், ஓப்பனிங். இத்தாலியன், லண்டன், சிசிலியன் என்று வரிசையாக ஒப்பிப்பாள். பிப்ரவரியில் ஒரு போட்டியில் அவளிடம் ஒரு சிப்பாய் அதிகம், இருவரிடமும் ராஜாவும் சிப்பாய்களும் மட்டும்தான். ஜெயிக்க வேண்டிய ஆட்டம். டிரா ஆகிவிட்டது. வெளியே வந்து என் துப்பட்டாவில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "அம்மா, இதை எனக்கு யாருமே சொல்லித் தரலை" என்றாள். மையத்தில் கேட்டால் அதெல்லாம் ரேட்டிங் ஏறிய பிறகு என்றார்கள். குழந்தை முதலில் எதைக் கற்க வேண்டும் என்று தெரியாமல் இரண்டு வருடம் பணம் கட்டிவிட்டேனே என்று இன்னும் ஆறவில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. வீட்டில் அவள் தாத்தா தமிழில் சொல்லிக் கொடுத்தார்: ராஜா, ராணி, மந்திரி, குதிரை, யானை, சிப்பாய். மையத்தில் எல்லாம் ஹிந்தி. அவர்கள் வஸீர் என்றால் ராணி. வஸீர் என்றால் மந்திரிதானே என்று இவள் பிஷப்பை நகர்த்துவாள். பிஷப்பை அவர்கள் ஊன்ட், ஒட்டகம் என்கிறார்கள். ஆறு மாதம் குழம்பினாள்.

எந்தப் புத்தகத்தில் ஆரம்பிக்கலாம் என்று யாராவது சொல்வீர்களா?

மாம்பலம் டு முனிர்க்கா
9 மே 2022, இரவு 11:05

அம்மா, உங்கள் மகளின் குழப்பத்துக்கும் கரோல்பாக் சாருடைய படகுக்கும் ஒரே பதில்தான்.

நம் பழைய நாற்படையில் யானை, குதிரை, தேர், காலாள். அதிலிருந்துதான் ஆட்டத்துக்கே சதுரங்கம் என்று பெயர். யானை நின்றது இன்று பிஷப் நிற்கும் இடத்தில், மூலையில் நின்றது தேர். ராஜாவுக்குப் பக்கத்தில் இருந்தது மந்திரி, ராணி அல்ல. பாரசீகம், அரபு வழியாகப் போகும்போது பெயர்கள் ஊருக்கு ஊர் இடம் மாறின. ரஷ்ய மொழியில் பிஷப்புக்கு இன்றும் 'ஸ்லோன்', யானை என்றே பெயர். ராணிக்கு 'ஃபெர்ஸ்', அதாவது பழைய பாரசீக மந்திரி. மூலைக் காய்க்கு 'லாத்யா'. லாத்யா என்றால் படகு! வங்காளத்திலும் அப்படியே: பிஷப் 'கஜ்', மூலைக் காய் 'நௌகா'. ஆக அந்தப் பழைய சொந்தக்காரர் எதையும் தப்பாக எழுதவில்லை சார். அவர் தன் வீட்டுப் பெயரைத்தான் எழுதியிருக்கிறார். அது அவெர்பாக்கின் வீட்டுப் பெயரும்தான்.

உங்கள் மகள் வஸீர் என்றால் மந்திரி என்று நினைத்தது சொல்லளவில் முழுக்கச் சரி, அவளிடம் சொல்லுங்கள். தமிழில்தான் மந்திரி தன் இடத்தை ராணியிடம் விட்டுவிட்டுப் பக்கத்துக் கட்டத்துக்குப் போய்விட்டார்.

அவெர்பாக் கடைசிக் காலத்தில் இந்த வரலாற்றில்தான் மூழ்கியிருந்தார். சதுரங்கத்தில் தொடங்கி இன்றுவரை என்று ஒரு வரலாற்று நூல் எழுதினார், ஆங்கிலத்தில் 2012-இல் வந்தது. அப்போது அவருக்குத் தொண்ணூறு வயது.

என் சொந்த நினைவு ஒன்று. எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் தால் செஸ் கிளப் இருந்தது. 1972-இல் மானுவல் ஆரோன் தொடங்கியது. ஆனந்த் சிறுவனாக ஆடிய இடம். நான் அங்கே சாதாரண ஆள்தான். ஆனால் அங்கேதான் ரஷ்யப் பத்திரிகைகளை முதன்முதலில் தொட்டேன். மொழி தெரியாது. படத்தையும் குறியீட்டையும் மட்டும் பார்த்து நகர்த்துவோம். ஸ்லோன் என்பதன் முதல் எழுத்தைப் பார்த்தால் பிஷப்பை எடுக்க வேண்டும் என்று கை பழகிவிட்டது. அப்படி அர்த்தம் தெரியாமலே கற்றுக்கொண்ட முதல் ரஷ்யச் சொல்லே யானை. அவற்றில் இறுதியாட்டப் படங்களுக்குக் கீழே அடிக்கடி வந்த பெயர் அவெர்பாக்.

எழுபத்தைந்தாவது நகர்த்தல்
10 மே 2022, காலை 6:50

அருமை முனிர்க்கா சார், இந்தப் படகு விஷயம் எனக்கும் புதிது.

மயூர் விஹார் அம்மாவுக்கு: கரோல்பாக் சார் சொன்ன சின்னப் புத்தகமே போதும். அதிலும் சிப்பாய்ப் பகுதி முதலில். ராஜா தன் சிப்பாய்க்கு முன்னால் ஆறாவது வரிசையில் ஏறி நின்றுவிட்டால், ஓரச் சிப்பாய் தவிர மற்ற எதுவானாலும், யார் முறையானாலும் வெற்றி. இந்த ஒன்றைக் குழந்தை பலகையில் இருபது முறை ஆடிப் பார்க்கட்டும். நீங்களே எதிரில் உட்காரலாம், செஸ் அதிகம் தெரிய வேண்டியதில்லை.

நடுவர்களிடையே அவரைப் பற்றி ஒரு கதை புழங்கும். 1960, அடிலெய்டு. ஆஸ்திரேலியாவின் பர்டி அவருக்கு எதிராக ராணிப் பக்கம் கேஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே முறையில் இடம் மாறுவது) செய்தார். யானை தாண்டிப் போன பி8 கட்டம் தாக்குதலில் இருந்தது. இது செல்லாதே என்று அவெர்பாக் கேட்டிருக்கிறார். தாக்குதலில் உள்ள கட்டத்தைத் தாண்டக் கூடாது என்பது ராஜாவுக்கு மட்டும்தான், யானைக்கு இல்லை என்று பர்டி விளக்கியிருக்கிறார். சோவியத் சாம்பியனாக இருந்த ஒருவர்! பயிற்சி வகுப்பில் இந்த விதியை விளக்கும்போது இதைச் சொல்வேன். கேட்டவர்கள் அதற்குப் பிறகு மறப்பதில்லை. சந்தேகம் வந்தால் வாய்விட்டுக் கேட்கலாம் என்ற தைரியமும் குழந்தைகளுக்கு வருகிறது. அதற்காகவும் அவருக்கு நன்றி.

ரேபிட் ரோகிணி
14 மே 2022, இரவு 12:20

நாலு நாளாக எழுதவில்லை. எட்டுச் சிப்பாய்களையும் வைத்துப் பார்த்தேன். சி சிப்பாய் ஏன் டிரா என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. டிரா என்பது மட்டும் தெரியும். கரோல்பாக் சார் 1987-இல் யானையோடு நின்ற அதே இடத்தில்தான் நானும் நின்றிருக்கிறேன், கையில் ஃபோனோடு.

அப்புறம் சூரிச் ஆட்டத்தை மறுபடி போட்டேன், இந்த முறை அவெர்பாக் பக்கம் உட்கார்ந்து. ராணிப் பலிக்குப் பிறகு அவர் ராஜா ஜி4, எஃப்5 என்று நடுவில் தனியாக நிற்கிறது. சுற்றிலும் எதிரிகள். நானாக இருந்தால் அங்கேயே கை கொடுத்துவிட்டு எழுந்திருப்பேன். அவர் இன்னும் இருபது நகர்த்தல் காப்பாற்றிக்கொண்டே போகிறார். அழகெல்லாம் கோட்டோவுடையது, சரி. ஆனால் எதிரே ஒருவர் அவ்வளவு நேரம் தாக்குப்பிடித்ததால்தான் அது அவ்வளவு நீண்ட வேட்டையானது.

அவருடைய டிராக்கள் சலிப்பு என்று எழுதியதில் இன்னும் பாதி நம்பிக்கை இருக்கிறது, அதை மாற்றிச் சொல்லவில்லை. பாடமாகத் தேவைப்படவில்லை என்று எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

மாம்பலம் டு முனிர்க்கா
19 ஜூன் 2022, இரவு 9:30

இன்று இந்திரா காந்தி ஸ்டேடியத்தில் ஒலிம்பியாட் ஜோதி ஓட்டம் தொடங்கியது. செஸ் ஒலிம்பியாடுக்கு ஜோதி என்பது இதுவே முதல் முறை. ஜூலை 28 முதல் மாமல்லபுரத்தில் போட்டி. மனம் நிறைந்த நாள். ஆனால் இந்த ஒலிம்பியாட் முதலில் மாஸ்கோவில் நடக்க வேண்டியது. உக்ரைன் போர் வந்ததால் மாறி நம் ஊருக்கு வந்தது. போர் வராமல் இருந்தால் அவெர்பாக்கின் ஊரில், அவர் போன மூன்றே மாதத்துக்குள், உலகமே கூடியிருக்கும். எல்லாரும் எழுந்து ஒரு நிமிடம் நின்றிருப்பார்கள். மாமல்லபுரத்திலாவது யாராவது அவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

மயூர் விஹார் அம்மா
10 ஜூலை 2022, மாலை 6:45

சார் எல்லாருக்கும் நன்றி. தரியாகஞ்ச் கடைகள் 2019-இல் மகிளா ஹாட்டுக்கு மாறிவிட்டதாம், அங்கே மூன்று ஞாயிறு தேடினோம், அந்தப் புத்தகம் கிடைக்கவில்லை. பிறகு கரோல்பாக் சார் தன் பிரதியை நகலெடுத்து, ஆர்.கே.புரம் மலை மந்திர் வாசலில் வந்து தந்தார். மகளுக்குத் தேங்காய் மூடியும் கொடுத்தார்.

இன்று ஒரு போட்டி. கடைசி ஆட்டத்தில் எதிராளிப் பையனிடம் ஒரு எச் சிப்பாயும் மந்திரியும் மிச்சம், இவளிடம் ராஜா மட்டும். நான் தோல்வி என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை எடுத்து வைத்துக்கொண்டேன். இவள் ராஜாவை மூலைக்கு நடத்திக்கொண்டே போனாள். பையனின் மந்திரி வெள்ளைக் கட்டத்தில் ஓடுவது, மூலைக் கட்டமான எச்8 கறுப்பு. கடைசி வரை அவளை அங்கிருந்து எழுப்ப முடியவில்லை. டிரா.

வெளியே வந்து என்ன சொன்னாள் தெரியுமா? "அம்மா, அவன் ஸ்லோன் தப்பான கலர்" என்றாள். நகலில் இப்போது நௌகாவுக்குப் பக்கத்தில் தமிழில் படகு என்று அவளும் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறாள்.

கரோல்பாக் குதிரை
10 ஜூலை 2022, இரவு 7:20

குழந்தைக்கு என் ஆசீர்வாதம். ஆட்டத்தின் குறிப்புத் தாளைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். அடுத்த செவ்வாய் மலை மந்திருக்கு வருகிறேன், பலகை கொண்டுவருகிறேன், அந்த நிலையை அவளே எனக்கு ஆடிக் காட்டட்டும். ரேபிட் தம்பி, நீங்களும் வரலாம்.

முனிர்க்கா சார், ஐந்து பாகத்தில் சிப்பாய் இறுதியாட்டம் உள்ள நாலாவது பாகம் உங்களிடம் இருந்தால் ஒரு மாதம் கடன் வேண்டும். என்னிடம் யானை உள்ள ஐந்தாவது இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம்.